கடல் உயிரியல் பட்டப்படிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல் உயிரியலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க எண்ணும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். சேர்க்கை விதிகளும் கட்டணங்களும் இடத்துக்கு இடம் மாறுபடுவதால் அவற்றை விடுத்து, எங்கே படித்தாலும் பொருந்தக்கூடியவற்றை மட்டும் பேசுகிறோம்.

கடல் உயிரியலும் கடலியலும் ஒன்றா?

ஒன்றல்ல. கடலில் வாழும் உயிர்களையும், அவை ஒன்றோடொன்றும் தம்மைச் சூழ்ந்த நீரோடும் கொண்டுள்ள உறவையும் ஆராய்வது கடல் உயிரியல். கடலியல் அதைவிட விரிந்த துறை. நீரோட்டம், அலை, நீரின் வேதியியல், கடலடித் தரையின் அமைப்பு ஆகியவற்றோடு உயிர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. மீன்வள அறிவியலோ, மனிதர் பிடிக்கின்ற, வளர்க்கின்ற உயிரினங்களின் இருப்பையும் பெருக்கத்தையும் மையமாகக் கொண்டது.

ஆயினும் இந்தத் துறைகளுக்கிடையே உறுதியான எல்லைக்கோடு கிடையாது. 1977-இல் காலபாகஸ் தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்னும் ஆய்வு நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் கடலடி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டார்கள். சூரிய ஒளி எட்டிப்பார்க்காத அந்த இடத்தில் மட்டிகளும் குழாய்ப் புழுக்களும் செறிந்து வாழ்ந்தன. ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற பொருள்களிலிருந்து ஆற்றலைப் பெறும் பாக்டீரியாக்களே அந்த வாழ்வுக்கு அடிப்படை என்பது பின்னர் தெளிவாயிற்று. உயிரியல் வரலாற்றின் மிகப்பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்றான இதைச் செய்தவர்கள் நிலவியலாளர்களும் வேதியியலாளர்களும்தாம். அந்தப் பயணத்தில் உயிரியலாளர் ஒருவரும் இருக்கவில்லை. பக்கத்துத் துறையினர் பேசுவதைப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது இயற்பியலும் வேதியியலும் நிலவியலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எனக்குத் திமிங்கிலங்களும் டால்பின்களும் மிகவும் பிடிக்கும். அந்த ஆர்வம் போதுமா?

தொடங்குவதற்குப் போதும். இந்தத் துறைக்கு வரும் பலரைக் கவர்ந்து இழுத்தவை அந்தப் பேருயிர்களே. அதில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் படிப்பின் பெரும்பகுதி, கண்ணுக்கே தெரியாத அல்லது கண்ணில் பட்டும் நாம் பொருட்படுத்தாத உயிர்களைப் பற்றியது என்பதை முன்பே அறிந்து வருவது நல்லது. கடலில் இதுவரை பெயரிட்டு ஏற்கப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 2,40,000. அவற்றுள் பாலூட்டிகள் நூற்றுச் சொச்சம்தான். புழுக்கள், மெல்லுடலிகள், ஓட்டுடலிகள், கடற்பஞ்சுகள் ஆகியவையே அந்தப் பட்டியலை நிரப்புகின்றன.

அளவில் சிறியவை பங்களிப்பில் சிறியவை அல்ல. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைக் கடலின் தாவர மிதவை உயிரிகள் செய்கின்றன. அவற்றுள் எண்ணிக்கையில் முதலிடம் வகிக்கும் புரோக்ளோரோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சாலி சிஷோம் முதலானோர் அதை 1988-இல் அறிவிக்கும்வரை, கடல்நீரில் எங்கும் நிறைந்திருந்த அந்த உயிரை யாரும் அடையாளம் கண்டிருக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் இவற்றின் மீதும் உங்கள் மனம் பதிந்துவிட்டால், இந்தப் படிப்பு உங்களுக்கு ஏற்றதுதான். திமிங்கிலங்களைத் தவிர வேறு எதிலும் ஆர்வம் பிறக்கவில்லையென்றால் படிப்பு நெடுகவும் சுமையாகத் தோன்றும்.

பள்ளியில் எந்தப் பாடங்கள் தேவை?

உயிரியலும் வேதியியலும் இன்றியமையாதவை. கணிதத்தைக் கைவிடாதீர்கள். இயற்பியல் கட்டாயமில்லாத இடங்களிலும் அது பின்னர் கைகொடுக்கும்.

இளநிலையிலேயே கடல் உயிரியலைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், வேதியியல் ஆகியவற்றில் ஒன்றை இளநிலையில் படித்து, முதுநிலையில் கடல் பக்கம் திரும்பியவர்கள் ஏராளம். எங்கள் கருத்தைக் கேட்டால், நல்ல ஆய்வக வசதியும் அக்கறையுள்ள ஆசிரியர்களும் உள்ள பொது உயிரியல் துறை, பெயரில் மட்டும் கடலை வைத்துக்கொண்டு களப்பணியே இல்லாத துறையைவிடச் சிறந்தது. செல் உயிரியல், மரபியல், பரிணாமம், சூழலியல் ஆகிய நான்கும் உறுதியாக அமைந்தவருக்குக் கடல் பற்றிய தனிப்பாடங்களைப் பிறகு கற்றுக்கொள்வது கடினமில்லை. அடிப்படை ஆட்டம் கண்டால், பின்னால் வரும் எதுவும் நிலைக்காது.

இளநிலையிலேயே கடல் உயிரியலை எடுப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு: மூன்று நான்கு ஆண்டுகள் கடலோடு பழகும் வாய்ப்பு. அந்த வாய்ப்பைப் பாடத்திட்டம் உண்மையில் தருகிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

கடல் உயிரியலில் வேதியியலுக்கும் கணிதத்துக்கும் ஏன் இவ்வளவு இடம்?

கடல்வாழ் உயிர் ஒன்று தன் வாழ்நாள் முழுவதும் ஒரு கரைசலுக்குள் கிடக்கிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அந்த அளவு கூடினாலும் குறைந்தாலும் உடலிலுள்ள நீரின் சமநிலை மாறுகிறது. வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. சிப்பியும் பவளமும் தம் ஓட்டையும் கூட்டையும் கட்டுவது நீரிலுள்ள கால்சியம், கார்பனேட் அயனிகளைக் கொண்டு. ஆகவே வேதியியல் தெரியாமல் உயிரின் நிலையைப் பேச முடியாது.

கணிதம் எங்கே வருகிறது என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு. தொழிற்புரட்சிக் காலத்துக்குப் பிறகு கடலின் மேற்பரப்பு நீரின் பி.எச். மதிப்பு சுமார் 8.2-இலிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. படிக்கும்போது அற்பமான வேறுபாடாகத் தெரியும். ஆனால் பி.எச். என்பது மடக்கை அளவுகோல், அதில் 0.1 குறைவது, ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்ததைக் குறிக்கும். மடக்கையைப் பள்ளியோடு மறந்துவிட்ட மாணவருக்குக் கடல் அமிலமாதல் குறித்த கட்டுரை ஒன்றுகூடச் சரியாக விளங்காது.

புள்ளியியலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாணவர்கள் மிகவும் அஞ்சுவதும், பிற்காலத்தில் அவர்களுக்கு மிகவும் உதவுவதும் அதுவே. ஒரு கரையில் பத்து இடங்களில் எடுத்த அளவீடுகள், பத்துக் கரைகளில் எடுத்த அளவீடுகளுக்கு ஈடாகா. முதலாவது அந்த ஒரு கரையைப் பற்றி மட்டுமே பேசும். இந்த வேறுபாட்டைத் தரவு சேகரிக்கும் முன்பே உணர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் சேகரித்து முடித்த பிறகு எந்தக் கணக்கீட்டாலும் அதைச் சரிசெய்ய இயலாது. ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழிகளில் ஒன்றை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் பழகிக்கொள்ளுங்கள்.

ஆய்வக வகுப்பில் உண்மையில் என்ன செய்வோம்?

மிதவை உயிரிகளை எண்ணும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லாப் பாடத்திட்டங்களிலும் அது இருக்கும். மென்கண்ணி வலையைப் படகின் பின்னே மெதுவாக இழுத்து, அதன் நுனியிலுள்ள குப்பியில் திரண்ட பழுப்பு நிற நீரை ஃபார்மலின் அல்லது லுகால் அயோடின் கரைசலிட்டுப் பதப்படுத்துவார்கள். ஆய்வகத்தில் குப்பியை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்கியபின், அதிலிருந்து 1 மில்லிலிட்டரை செட்ஜ்விக்-ராஃப்டர் எனப்படும் எண்ணும் தட்டில் விட வேண்டும். அதன் குழி 50 மி.மீ. நீளமும் 20 மி.மீ. அகலமும் 1 மி.மீ. ஆழமும் கொண்டது, அடிப்பரப்பில் 1,000 கட்டங்கள் கோடிடப்பட்டிருக்கும். காற்றுக்குமிழி சிக்கினால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். உயிரிகள் அடியில் படிவதற்குச் சில நிமிடங்கள் விட்டு, நுண்ணோக்கியில் கட்டம் கட்டமாக நகர்ந்து எண்ணுவார்கள்.

எண்ணுவதற்கு முன்பே சில விதிகளை எழுதிக்கொள்ள வேண்டும். கோட்டின் மேல் கிடக்கும் டயட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசி எந்தக் கட்டத்தின் கணக்கில் சேரும்? மேல் கோட்டையும் இடக் கோட்டையும் தொடுபவற்றைச் சேர்த்து, மற்ற இரண்டு கோடுகளைத் தொடுபவற்றை விட்டுவிடலாம். எந்த விதியானாலும் கடைசிவரை அதையே பின்பற்ற வேண்டும். சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும் டயட்டம் ஒன்றா, பலவா? கோபிபாடு என்னும் நுண் ஓட்டுடலி இரண்டாக உடைந்து கிடந்தால் எந்தத் துண்டை எண்ணுவது? வகுப்பில் இருவர் இந்தக் கேள்விகளுக்கு வெவ்வேறு விடை வைத்திருந்தால், ஒரே குப்பியிலிருந்து இரண்டு வேறு கடல்கள் வெளிவரும். அந்த 1 மில்லிலிட்டரில் கிடைத்த எண்ணிக்கையைப் பெருக்கித்தான் வலை வடிகட்டிய முழு நீருக்கும் கணக்கிடுகிறோம்; எனவே தட்டில் நேரும் சிறு பிழையும் அதே அளவு பெருகும். இந்த நிதானமும் நேர்மையும் கைகூடுவதற்காகவே அத்தனை மணி நேரம் நுண்ணோக்கியின் முன் உட்கார வைக்கிறார்கள்.

இதுதவிர உடற்கூறு ஆய்வு, சல்லடையிட்டுச் சேற்றிலிருந்து புழுக்களைப் பிரித்தல், நீரில் கரைந்த ஆக்சிஜனை அளத்தல், டி.என்.ஏ. பிரித்தெடுத்தல் முதலியனவும் இருக்கும்.

களப்பணி எப்படி இருக்கும்?

முதலில், அது உங்கள் வசதிக்கு நடக்காது. கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தின் வசதிக்கு நடக்கும். நீர் வற்றும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். கரை மிகுதியாக வெளிப்படுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில். அதிகாலையில் வற்றம் என்றால் அதிகாலையில்தான் பாறை மேல் நிற்க வேண்டும். சதுரச் சட்டகம் ஒன்றைப் பாறையில் வைத்து, அதற்குள் அகப்பட்ட ஒவ்வோர் உயிரையும் எண்ணி, ஈரத்தில் அழியாத தாளில் பென்சிலால் குறித்து, நீர் ஏறி வருவதற்குள் அடுத்த இடத்துக்கு நகர்வது முதலாண்டு மாணவருக்கே பழக்கமாகிவிடும்.

எளிய கருவிகளைக் கொண்ட இந்த வேலையிலிருந்துதான் சூழலியலின் அடிப்படைக் கருத்துகள் சில பிறந்தன. ஸ்காட்லாந்தின் மில்போர்ட்டில் ஜோசப் கானெல் பாறையில் ஒட்டி வாழும் இருவகைக் கொட்டலசுகளைக் கவனித்தார். ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் வாழ்ந்தன. கீழே வாழும் வகையைச் சில கற்களிலிருந்து அவர் நீக்கியபோது, மேலே வாழ்ந்த வகை கீழேயும் தாக்குப்பிடித்தது. ஆகவே அதைக் கீழே வரவிடாமல் தடுத்தது நீரல்ல, இடத்துக்கான போட்டியே என்று 1961-இல் காட்டினார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ராபர்ட் பெயின் நட்சத்திர மீன்களை மட்டும் பாறையிலிருந்து தொடர்ந்து அகற்றி வந்தார். மட்டிகள் பெருகிப் பாறையை மூடின, அங்கிருந்த இனங்கள் 15-இலிருந்து 8-ஆகக் குறைந்தன. 1966-இல் வெளியான அந்த ஆய்வே, ஓரினம் ஒரு முழுச் சமூகத்தைத் தாங்கி நிற்கலாம் என்ற கருத்துக்கு வித்திட்டது. சரியான கேள்வியும் திரும்பத் திரும்ப அதே பாறைக்குப் போகும் உறுதியும்தான் இருவருக்கும் முதலீடு. மாணவர்களிடம் இதை நாங்கள் சலிக்காமல் சொல்வதுண்டு.

நீச்சலும் ஸ்கூபாவும் தெரிந்திருக்க வேண்டுமா?

நீச்சல் தெரிந்திருப்பது உங்கள் பாதுகாப்புக்கு நல்லது. ஸ்கூபா பெரும்பாலான படிப்புகளில் கட்டாயமில்லை. பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர்; பெருங்கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டருக்கு அருகில். கடலின் மிகப்பெரும் பகுதியை வலை, நீர்சேகரிப்புக் குப்பி, உணர்கருவி, தானியங்கி மிதவை, செயற்கைக்கோள் ஆகியவற்றின் வழியாகவே எல்லோரும் படிக்கிறார்கள். பவளப்பாறையிலோ கடற்புல் பரப்பிலோ ஆய்வு செய்ய விரும்புவோர், அறிவியல் முக்குளிப்புக்கான முறையான பயிற்சியைத் தகுதி பெற்றவர்களிடம் பெற வேண்டும். ஆய்வுப் பணியில் இருக்கும்போது நீருக்கடியில் கவனம் சிதறுவது உயிருக்கு ஆபத்து.

படகில் குமட்டல் வருவதால் இந்தத் துறையே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். பலருக்கு ஓரிரு நாளில் உடல் பழகிவிடும். பழகாதவர்களுக்கும் மரபியல், நுண்ணுயிரியல், தரவுப் பகுப்பாய்வு என்று நிலத்தில் செய்யும் ஆய்வுகள் நிறைய உள்ளன. உடல் இயக்கத்தில் சிரமம் உள்ளவர்களுக்கும் இதுவே எங்கள் பதில்.

பல்கலைக்கழகம் கடலோரத்தில்தான் இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது, ஆனால் அதைவிட முக்கியமானது கடலாய்வு நிலையம் ஒன்றோடு அதற்குத் தொடர்பு இருப்பது. கடலோர நிலையத்தில் சில வாரங்கள் தங்கி ஆய்வது என்ற வழக்கம் பழமையானது: இத்தாலியின் நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் 1872-இல் நிறுவிய நிலையம் பல நாட்டு ஆய்வாளர்களுக்கு மேசை ஒதுக்கிக் கொடுத்தது, அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலும் இங்கிலாந்தின் பிளிமத்தும் 1888-இல் தம் ஆய்வகங்களைத் திறந்தன. சேரும் முன் துறையிடம் நேராகக் கேளுங்கள்: மாணவர் ஒருவர் ஆண்டில் எத்தனை நாள் களத்தில் இருப்பார்? ஓடும் கடல்நீர் வசதி உண்டா? ஆய்வுப்படகில் மாணவர்களை ஏற்றுவார்களா? இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தரவு மாணவரே சேகரிப்பதா, ஏட்டிலிருந்து எடுப்பதா? தற்போது படிக்கும் மாணவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டு, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

டி.என்.ஏ. வந்துவிட்ட பிறகும் வகைப்பாட்டியல் தேவையா?

முன்பைவிட அதிகம் தேவை. ஒரு வாளி கடல்நீரில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைக் கொண்டே அங்கே எந்த இனங்கள் உள்ளன என்று இன்று ஊகிக்க முடிகிறது. ஆனால் அந்தத் துணுக்கை ஒப்பிட்டுப் பார்க்க, முன்பே பெயர் உறுதிசெய்யப்பட்ட மாதிரியின் டி.என்.ஏ. வரிசை தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். அந்தப் பெயரை வைத்தவர், புழுவின் மயிரிழைகளையோ நண்டின் கால் மூட்டையோ நுண்ணோக்கியில் பார்த்துத் தெளிந்த ஒருவர். அவர் பெயரைத் தவறாக வைத்திருந்தால், அதை நம்பி வரும் ஒவ்வோர் ஆய்விலும் அந்தத் தவறு தொடரும். பலசுணைப்புழு, கடற்பஞ்சு, பாசியுயிரி என ஏதாவது ஒரு குழுவை நன்றாக அடையாளம் காணக் கற்றுக்கொண்ட பட்டதாரியை ஆய்வுக்குழுக்கள் தேடி வந்து அழைத்துக்கொள்ளும்.

இந்தப் படிப்பால் மனிதருக்கு என்ன பயன் என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

நரம்பில் செய்தி எப்படிப் பாய்கிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாயின் தடித்த நரம்பிழையில்தான் அளந்தார்கள். அதற்கு 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. செல் பிரிதலை நெறிப்படுத்தும் சைக்ளின் புரதங்களை டிம் ஹன்ட் 1982-இல் கடல் முள்ளெலியின் முட்டைகளில் கண்டார். ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதம் இன்று உலகெங்கும் மருத்துவ ஆய்வகங்களில் பயன்படுகிறது. கூம்பு நத்தையின் நஞ்சை அடிப்படையாகக் கொண்ட ஜிகோனோடைடு என்னும் வலிநிவாரணி 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவற்றைச் சொல்லுங்கள். மீன் இருப்பைக் கணிக்கவும், துறைமுகமோ குழாயோ அமைக்கும் முன் கடலடியின் நிலையை ஆராயவும், நச்சுப்பாசிப் பெருக்கத்தை முன்கூட்டியே எச்சரிக்கவும் இதே பட்டதாரிகள் தேவைப்படுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேலைவாய்ப்பு எப்படி?

மறைக்காமல் சொல்கிறோம்: ஆய்வுப் பணியிடங்கள் குறைவு, போட்டி மிகுதி, தொடக்க ஆண்டுகளில் ஒப்பந்த வேலைகளே அதிகம். திமிங்கில ஆய்வு போன்ற பெயர்பெற்ற பிரிவுகளில் நெருக்கடி இன்னும் கூடுதல். மீன்வளத் துறைகள், நீருயிரி வளர்ப்பு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, நீர்த்தரக் கண்காணிப்பு, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகளின் மேலாண்மை, கடல்சார் மருந்தாய்வு, கற்பித்தல், அருங்காட்சியகம் ஆகியவை பெரும்பாலானோர் சென்று சேரும் இடங்கள். பட்டத்தோடு புள்ளியியல், புவித்தகவல் முறைமை, மூலக்கூறு உயிரியல், இன அடையாளம் ஆகியவற்றில் ஒன்றில் ஆழ்ந்த திறன் இருப்பவருக்கு வழி எளிதாகத் திறக்கிறது. அந்தத் திறன்கள் கடலுக்கு வெளியேயும் விலைபோகும் என்பது குடும்பப் பொறுப்பு உள்ள மாணவருக்கு முக்கியமான ஆறுதல்.

முனைவர் பட்டத்துக்கு நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவருடைய பெயரைவிட அவருடைய மாணவர்களைப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் அவரிடம் சேர்ந்தவர்கள் முடித்தார்களா, முதல் ஆசிரியராகக் கட்டுரை வெளியிட்டார்களா, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். கப்பல் பயணத்தையோ ஒற்றைப் பருவத்தையோ மட்டும் நம்பிய திட்டம், வானிலை கெட்டால் ஓராண்டை விழுங்கிவிடும். அப்படி நேர்ந்தால் மாற்றுத் திட்டம் என்ன என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம். நல்ல நெறியாளர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

பல்கலைக்கழகத்தில் சேரும் முன் நான் என்ன செய்யலாம்?

கடலருகில் இருப்பவர் என்றால், ஒரு சிறு கரைப்பகுதியைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் ஒரே ஓத நிலையில் அங்கே செல்லுங்கள். நாள், நேரம், நீர் மட்டம், வானிலை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நீங்கள் உறுதியாக அடையாளம் காணக்கூடிய மூன்று நான்கு உயிரினங்களை மட்டும் எண்ணுங்கள். ஒன்றும் தென்படாத நாளில் சுழியம் என்று எழுதுங்கள். வெற்றிடமாக விட்டால், அன்று உயிரினம் இல்லையா, நீங்கள் பார்க்கவில்லையா என்பது பிறகு யாருக்கும் தெரியாது. உயிர்களைப் பெயர்த்து எடுக்காதீர்கள். புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

கடல் எட்டாத் தொலைவில் இருப்பவர் குளத்து நீரில் இதே பயிற்சியைச் செய்யலாம். டயட்டங்களும் கோபிபாடுகளும் அங்கும் உண்டு. அதோடு, ஓபிஸ் எனப்படும் பெருங்கடல் பல்லுயிர்த் தகவல் அமைப்பு உலகக் கடல்களின் உயிரினப் பதிவுகளை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்த ஓரினத்தின் பதிவுகளைத் தரவிறக்கி, எந்த ஆண்டில், எந்த ஆழத்தில், எங்கெங்கே அது பதிவாகியிருக்கிறது என்று வரைபடமாக்கிப் பாருங்கள். பதிவே இல்லாத இடங்களில் அந்த இனம் வாழவில்லையா, அல்லது அங்கே இதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லையா என்று கேட்டு, அதற்கு விடை காண எந்தத் தகவல் வேண்டும் என்பதை எழுதத் தொடங்குங்கள்.